பாப்பாவுக்கு அரைக் கிராம்

இரண்டு கிராமுக்குக் குறைவான தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை கட்டாயம் இல்லை. இந்த ஒரு விதி தெரிந்த நாளிலிருந்து எனக்கு அடிக்கடி சிரிப்பு வருகிறது தோழர்களே. நம் தெருப் பிள்ளைகளுக்குத் தீபாவளி, பொங்கல், பிறந்தநாள் என்று நாம் போடுகிற தங்கம் எவ்வளவு? அரைக் கிராம் காசு. ஒரு கிராம் மோதிரம். ரொம்பப் பெரிய மனசு உள்ள தாய்மாமனாக இருந்தால் ஒன்றரைக் கிராம் தோடு. அதாவது, "இது தங்கம்தானா என்று சோதித்தே ஆகவேண்டும்" என்று அரசாங்கமே வற்புறுத்தாத தங்கத்தைத்தான் நாம் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கவனித்தீர்களா, தங்கத்துக்கு மட்டும் "கொடுக்கிறது" என்ற சொல் கிடையாது. "போடுறது"தான். புத்தகம் கொடுக்கலாம், சைக்கிள் வாங்கித் தரலாம், தங்கம் போட வேண்டும். "பாப்பாவுக்கு மாமன் என்ன போட்டான்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத மாமன் எங்கள் சிறுவாச்சூர் பக்கம் பந்தியில் உட்கார முடியாது. காதுகுத்து வீட்டில் மைக் வைத்து மொய் வாசிப்பார்கள். "தாய்மாமன் வகையில் ஒரு கிராம் மோதிரம்" என்று ஒலிபெருக்கி சொல்லும்போது தெருவே எடை போடும். அடுத்த மாமன் ஒன்றரைக் கிராம் போட்டே ஆக வேண்டும். பிள்ளை இதையெல்லாம் கேட்காமல் காதைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கும்.

கணக்கு ஒன்று போடுவோம். 2025 தீபாவளி சமயத்தில் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. சவரன் என்றால் 8 கிராம். 90,000 என்றே வைத்துக்கொண்டாலும் கிராம் 11,250. அரைக் கிராம் 5,625. இதற்கு மேல் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி. அதையெல்லாம் விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் 2025-26க்கு நூறு நாள் வேலையின் தினக்கூலி 336 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதுவும் காகிதத்தில்தான்; வெட்டிய குழியை அளந்து பார்த்து அதிலும் குறைப்பார்கள். முழுசாகவே கிடைத்தது என்றாலும் அந்த அரைக் கிராமுக்கு 17 நாள் ஏரியில் மண் வெட்ட வேண்டும். வருஷத்துக்கு நூறு நாள் என்று அப்போதைய சட்டம் சொல்லியிருந்தாலும் நூறு நாளும் வேலை கிடைத்தவர் எங்கள் தெருவில் யார் என்று தேடித்தான் பார்க்க வேண்டும். ஓர் ஆயா வெயிலில் 17 நாள் வெட்டிய மண், நகைக்கடைக்காரர் கையில் பொட்டு அளவு காசாக மாறி, லட்சுமி படம் போட்ட பிளாஸ்டிக் அட்டைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது.

என் தங்கச்சி மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். உறவில் ஒருவர் அவளுக்கு இப்படி ஓர் அட்டையைக் கொடுத்தார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"மாமா, இது சாக்லேட்டா?"

"இல்ல பாப்பா, தங்கக் காசு."

"பிரிக்கட்டா?"

தங்கச்சி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "ஏய், பிரிச்சிடாத! அட்டை கிழிஞ்சா கடைக்காரன் கழிச்சிக்கிட்டுத்தான் எடுப்பான்."

"அப்புறம் எதுக்கும்மா எனக்குக் குடுத்தாங்க?"

பொருளாதாரம் படித்த எந்தப் பேராசிரியரும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை. தங்கச்சி பதில் சொல்லாமல் அதை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். பரிசு வாங்கிய ஐந்தாவது நிமிடத்தில் பரிசு பறிமுதல். வேறு எந்தப் பரிசுக்கும் இந்த நடைமுறை கிடையாது. பந்தை வாங்கிக் கொடுத்துவிட்டு, "உதைக்காதே, காற்று இறங்கினால் திருப்பி எடுக்க மாட்டான்" என்று யாராவது சொல்வோமா?

பீரோவுக்குப் போன காசு அங்கேயே இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. சின்ன வெங்காயத்துக்கு விதைக்காய் வாங்கணும், மருந்து அடிக்கணும், மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்துவிட்டது, மாமியாருக்கு ஆஸ்பத்திரி. முதலில் அடகுக்குப் போவது யாருடைய நகை? குழந்தையுடையதுதான். பெரியவர்கள் நகை போனால் காது மூக்கு வெறுமையாகத் தெரியும், நாலு பேர் கேட்பார்கள். குழந்தையிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவளுக்குத் தன் சொத்து எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பெரம்பலூரில் அடகு பிடிக்கிற கடைகளின் இரும்புப் பெட்டிகளைத் திறந்தால், இந்த மாவட்டத்து மூன்றாம் வகுப்பு, நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் மோதிரமெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். வட்டி கட்டத் தவறினால் செய்தித்தாளில் பொடி எழுத்தில் ஏல அறிவிப்பு வரும். நம் பிள்ளைகளின் பெயர் அதிலும் இருக்காது. கணக்கு எண் மட்டும் இருக்கும்.

2021ல் கூட்டுறவுச் சங்கங்களில் 5 சவரன் வரைக்குமான நகைக்கடனைத் தள்ளுபடி செய்வதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தபோது எங்கள் பக்கம் ஒரு பேச்சு ஓடியது: "நாம போட்ட நகை எல்லாம் தள்ளுபடிக்குத் தகுந்த எடைதான், ஆனா வச்ச இடம்தான் தப்பு." நம்மில் பலர் வைத்திருந்தது தனியார் கடையில். சங்கத்தில் உறுப்பினராவதற்கே யார் வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருந்தது என்பது தனிக் கதை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இவ்வளவு கேலி பேசிவிட்டு அப்பாயி முன்னால் போய் நின்றால் என் வாய் அடங்கிவிடும். எண்பதைத் தொட்டவர். நான் தங்கத்தைப் பற்றி இளக்காரமாகப் பேச ஆரம்பித்தால் காதைத் தொட்டுக் காட்டுவார்.

"இந்தக் கம்மல் எத்தனை தடவ அடகுக்குப் போச்சு தெரியுமாடா தம்பி? உங்கப்பன் ஹாஸ்டல்ல சேர ஒருக்கா. உங்க அத்தை பிரசவத்துக்கு ஒருக்கா. நீ காலேஜ் போக ஒருக்கா. காடு இருந்தா எழுதி வாங்கிடுவான். பணம் இருந்தா உங்க தாத்தா குடிச்சிருப்பாரு. கம்மல் என் காதுல இருந்துச்சு, அதனால இருந்துச்சு."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நானும் சொல்லவில்லை. 1892ல் பறையர்கள் உள்ளிட்ட நம் மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் மாநிலம் முழுக்க யார் யார் கையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிற இயக்கத்தில்தான் நான் இருக்கிறேன். காகிதத்தில் இருக்கிற நிலம் நம்மை விட்டுப் போனது. காதில் இருந்த அரைச் சவரன் போகவில்லை. பட்டா கிடையாது, வங்கி உள்ளே விடாது, சேமிப்பு என்று வேறு எதுவும் கிடையாது என்கிற இடத்தில் ஒரு பெண்ணின் உடம்பே அவளுடைய வங்கி. பருத்தி எடுத்து, வெங்காயம் அறுத்து வாங்கிய கம்மல் அது. ஒன்று மட்டும் பாருங்கள்: அது அப்பாயி தனக்குத் தானே வாங்கிக்கொண்டது. யாரும் மைக்கில் வாசிக்கவில்லை. எப்போது அடகு வைக்க வேண்டும், எப்போது மீட்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் அவர்தான். அவர் கம்மலுக்கும் பாப்பாவின் அட்டைக் காசுக்கும் உலோகம்தான் ஒன்று.

இதைவிட முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஜே.எச். ஹட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தியச் சாதிகள் பற்றி எழுதிய நூலில் இராமநாதபுரம் பகுதி பற்றிய குறிப்பு ஒன்று உண்டு. 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். அதில் முதல் தடையே தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது என்பது. முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது, சட்டை பனியன் கூடாது, முடி வெட்டக் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது, பெண்கள் மேலாடை அணியவும் பூ வைக்கவும் கூடாது, குடை செருப்பு கூடாது என்று பட்டியல் நீளும். மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடு கொள்ளை போனது.

அது போதவில்லை என்று 1931 ஜூனில் பதினொரு தடைகளாக விரித்தார்கள். இதிலும் தங்க நகை கூடாது என்பது இருக்கிறது. கூடவே புதிதாக ஒன்று: அவர்கள் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது. பிள்ளைகள் மிராசுதாரின் மாட்டை மேய்க்க மட்டும் போக வேண்டும். சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்குச் சல்லிசாக விற்றுவிட வேண்டும்.

நகை, பள்ளிக்கூடம், நிலம் மூன்றும் ஒரே பட்டியலில் இருப்பதைப் பாருங்கள். எழுதியவனுக்குப் பொருளாதாரம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. 1928ல் இந்தூர்ப் பக்கம் பலாய் மக்களுக்கு விதித்த கட்டளைகளிலும் பெண்கள் தங்கமோ வெள்ளியோ அணியக் கூடாது என்பது உண்டு. பாபாசாகேப் 'சாதியை ஒழிக்கும் வழி' உரையில் அதை எடுத்து வைத்திருக்கிறார். கேரளத்தில் இதற்கு நேர்மாறான கதை. அங்கே புலையப் பெண்களுக்குச் சாதி அடையாளமாகக் கல்மாலையைக் கழுத்தில் சுமத்தியிருந்தார்கள். 1915ல் அய்யன்காளி அழைக்க, கொல்லத்தில் கூடிய பெண்கள் அந்த மாலைகளை அறுத்து எறிந்தார்கள். ஓரிடத்தில் அணிவது கலகம், ஓரிடத்தில் கழற்றுவது கலகம். ஆகவே யாராவது ஒரு தோழர் தத்துவம் பேசிக்கொண்டு, "நம் பெண்கள் நகை ஆசையை விட வேண்டும்" என்று மேடையில் ஆரம்பித்தால், முதலில் அந்த 1930 பட்டியலைப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். நம் பாட்டிகள் காதில் மினுக்கியது ஆசை மட்டும் இல்லை.

ஆனால் அந்தத் தடையை உடைத்தாயிற்று. இன்று நாம் தங்கம் போட்டால் யாரும் ஊரில் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதுவதில்லை. மாறாக, நடிகையை வைத்து விளம்பரம் போட்டு அழைக்கிறார்கள். அட்சய திருதியை என்று ஒரு நாள் எங்கள் அப்பாயிக்குத் தெரியவே தெரியாது. இப்போது அதிகாலையிலேயே கடை திறந்து டோக்கன் கொடுக்கிறார்கள். பதினொரு மாசச் சீட்டில் பாதித் தெரு இருக்கிறது. அரசியல் கட்சிகள் தலைவர் பிறந்தநாளன்று அரசு மருத்துவமனையில் பிறந்த பிள்ளைக்கு மோதிரம் போட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்கின்றன. கண் திறக்காத சிசுவின் விரலில் மோதிரத்தை மாட்ட ஐந்து பேர் முண்டியடிப்பார்கள். மோதிரம் பெரிதாக இருக்கும், விரலில் நிற்காது. பட்டியலில் இருந்த இரண்டாவது தடை, அதாவது பள்ளிக்கூடம், அதற்கு மட்டும் யாரும் சீட்டு நடத்தவில்லை.

பகடி என்னவென்றால், இந்த மாற்றத்தை அரசாங்கம் ஒருமுறை செய்தே காட்டிவிட்டது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில் 2011லிருந்து தாலிக்கு 4 கிராம் தங்கம், 2016லிருந்து 8 கிராம். 2022ல் அந்தத் திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் படித்து முடிக்கும் வரை மாதம் 1,000 ரூபாய் என்று 'புதுமைப் பெண்' கொண்டுவந்தார்கள். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலித் தங்கம் கொடுத்ததைவிட இது அவருக்கு மரியாதை என்றே நினைக்கிறேன். எங்கள் தெருவில் என்ன பேசினார்கள் தெரியுமா? "எட்டுக் கிராம் போச்சே!" மூன்று வருஷப் பட்டப்படிப்புக்கு 36,000 ரூபாய் வருகிறது என்று நான் பேப்பரில் எழுதிக் காட்டினேன். ஓர் அத்தை அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது பேங்குல வந்து பேங்குலயே போயிடும் தம்பி. தங்கம்னா கழுத்துல தெரியும்." அவர் மகள் அந்தப் பணத்தில்தான் பேருந்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் கொடுத்துப் படித்து முடித்தாள். அது எந்தக் கழுத்திலும் தெரியவில்லை என்பது உண்மைதான்.

தீபாவளியே நம்முடையதா என்று கேட்கிற தோழர்களுக்கு ஒரு தகவல். அயோத்திதாசப் பண்டிதர் நரகாசுரன் கதையை ஏற்கவில்லை. எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டறிந்து, அதைத் தேய்த்துத் தீபவதி நதியில் முழுகிய பௌத்தர் காலத்து நிகழ்வாகத் தீபாவளியை விளக்கினார். அந்தக் கணக்குப்படி தீபாவளிப் பரிசு ஒரு கிண்ணம் நல்லெண்ணெய்தான். மாமன்மார்களுக்கு இதைவிட மலிவான ஆய்வு முடிவு கிடைக்காது. பண்டிதர் 1907ல் ஆரம்பித்த பத்திரிகையின் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. ஒரு பைசாவுக்கு வாங்கிய காகிதம் நம் கையில் நூறாண்டு தாண்டியும் இருக்கிறது.

பாபாசாகேப் தங்கத்தைப் பற்றிப் பேசவில்லை என்று நினைக்காதீர்கள். 1923ல் வெளிவந்த அவருடைய 'ரூபாயின் சிக்கல்' நூல் முழுக்கத் தங்கமும் வெள்ளியும்தான். கெய்ன்ஸ் ஆதரித்த தங்கப் பரிவர்த்தனை முறையை அவர் எதிர்த்தார். ரூபாயின் மதிப்பு சரிந்தால் கூலிக்காரன் சோற்றில்தான் கை வைக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்த நூலைப் படித்த பிறகு எனக்கு அப்பாயியின் கம்மல் இன்னும் கொஞ்சம் புரிந்தது. விலைவாசியை நம்பாதவர்தான் காதில் சேமிக்கிறார்.

ஆனால் காதில், பீரோவில் சேமித்ததும் பத்திரம் இல்லை என்பதை இரண்டு ஊர்கள் நமக்குச் சொல்லியிருக்கின்றன. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்தது. வெளிநாடு போய் உழைத்து ஓரளவு வசதி சேர்த்த ஊர். வீட்டுச் சாமான்களோடு கடவுச்சீட்டும் கல்விச் சான்றிதழும்கூடத் தப்பவில்லை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனி. பெங்களூரில் கட்டட வேலை பார்த்துக் கட்டிய வீடுகள். பீரோவை உடைத்து நகையையும் பணத்தையும் எடுத்துக்கொண்ட பிறகே கொளுத்தினார்கள் என்று மக்கள் சொன்னார்கள். பிள்ளைகள் கல்யாணத்துக்கு என்று கிராம் கிராமாகச் சேர்த்த நகை. எரிந்த சான்றிதழுக்கு நகல் வாங்க முடியும். அலைய விடுவார்கள், ஆனால் கிடைக்கும். போன சவரனுக்கு எந்த அலுவலகத்திலும் நகல் கிடையாது. தங்கம் ஆபத்துக்கு உதவும் என்கிறோம். நமக்கு வருகிற ஆபத்து எந்த வடிவில் வரும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

சரி, இந்தத் தீபாவளிக்கு மாமன் என்ன போட்டான்? ஒரு பூதக்கண்ணாடி, ஒரு நோட்டு, வண்டியில் சாத்தனூர் வரை ஒரு பயணம். எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் சாத்தனூர்க் கல்மரத்தைப் பார்த்ததே இல்லை. 12 கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தபோது மண்ணில் புதைந்து கல்லாகிப்போன மரம். 18 மீட்டர் நீளம் படுத்துக் கிடக்கிறது. பாப்பா ஒரு மணி நேரம் அதைக் கண்ணாடி வைத்து நோண்டி நோண்டிப் பார்த்தாள். இங்கே மீன் இருந்ததா, நம்ம தெரு எங்கே இருந்தது, அப்போது சாதி இருந்ததா என்றெல்லாம் கேட்டாள். கடைசிக் கேள்வியை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தங்கச்சி என்னைத்தான் முறைத்தாள். சத்தியமாக நான் இல்லை.

பெட்ரோல், சாப்பாடு எல்லாம் சேர்த்தும் அரைக் கிராம் விலையில் கால் பங்குகூட ஆகவில்லை. மிச்சத்தைப் பாப்பா பெயரிலேயே அஞ்சலகத்தில் போட்டு, பாஸ்புக்கை அவள் கையிலேயே கொடுத்தேன். அதில் அவள் பெயர் அச்சாகியிருப்பதைத்தான் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறாள். உறவில் இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசவில்லை. "மாமன் கல்லக் காட்டி ஏமாத்திட்டான்" என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்பாயி மட்டும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். பாப்பாவுக்கு இன்னும் காது குத்தவில்லை. தை பிறந்ததும் ஒரு திங்கட்கிழமை மதுரகாளியம்மன் கோயிலில் குத்த வேண்டும். அந்தக் கோயில் திங்கள், வெள்ளி மட்டும்தானே திறக்கிறது. பித்தளை போட்டால் காது புண்ணாகிவிடும், தங்கம்தான் போடணும் என்கிறார். பாப்பாவிடம் கேட்டேன். வலிக்குமா என்று கேட்டாள், கொஞ்சம் வலிக்கும் என்றேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். அவள் சரி என்றால் வாங்கிவிடுவேன். மைக் கிடையாது, மொய் நோட்டு கிடையாது என்று பேசி முடித்தாயிற்று. சேதாரத்தில் பேரம் பேசத் தெரிந்த தோழர் யாராவது பெரம்பலூர்ப் பக்கம் இருந்தால் கடைக்குக் கூட வாருங்கள்.